கொசுக்கடி

லேப்பில் என் பெயர் கொசு. யார் வைத்த பெயரோ தெரியாது. வரிசையில் நிற்பவர்கள், "கொசு இருக்காங்களா? அவங்க எடுத்தா தெரியவே தெரியாது" என்று விசாரிப்பார்கள். நான் சாப்பிடப் போயிருந்தால் காத்திருப்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரி சும்மா உட்கார்ந்து என்னை முறைப்பாள். ரத்தம் எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மேல் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் விரலை வைத்து அழுத்தினால் நரம்பு அமுங்கி எழும். அது எழும்புவது விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற நரம்பை யார் வேண்டுமானாலும் குத்தலாம். தெரியாததைக் குத்துகிறவளைத்தான் ஆட்கள் தேடி வருவார்கள்.

இப்போது என் விரல் நுனிக்கு ஒன்றும் தெரிவதில்லை.

மார்பில் கட்டி வந்தது, மார்போடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது, தப்பித்துவிட்டாய் என்கிறார்கள். தப்பித்தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. இடது கை வீங்கிக் கிடக்கிறது, அதற்கென்று இறுக்கமாக ஒரு உறை. அந்தக் கையில் ஊசி கூடாது, பி.பி. பார்க்கக் கூடாது, பை தூக்கக் கூடாது. மார்பு இருந்த இடத்தைத் தொட்டால், கொடியில் காயும் யாருடைய சட்டையையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. செருப்பு கழன்றால் நாலு கடை தாண்டித்தான் தெரியும். மருந்து கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் மரத்துப்போகச் செய்துவிட்டது. டாக்டரைக் கேட்டேன். "மெதுவா சரியாகலாம். சிலருக்கு ஆகாமலும் போகலாம்" என்றார். இதை என் வீட்டுக்காரரே சொல்லியிருப்பார்.

மனசும் விரல் மாதிரிதான் ஆகிவிட்டது. முடி கொட்டியபோது, குளியலறையில் தண்ணீர் போகிற வழியை அடைக்கிறதே என்றுதான் எரிச்சல் வந்தது. தங்கை வந்து கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளுக்கு மேலே அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஊசியைக் கண்டால் மட்டும் பச்சைப்பிள்ளை. நான் அவரை முதன்முதலில் பார்த்ததே லேப்பில்தான், லைசென்ஸுக்காக ரத்தம் கொடுக்க வந்திருந்தார். பஞ்சால் துடைக்கும்போதே மயங்கி என் மேல் சாய்ந்துவிட்டார். தெளிந்ததும், "எடுத்துட்டீங்களா? வலிக்கலையே!" என்றார். நான் அதுவரை ஊசியைப் பிரிக்கவே இல்லை.

சில வாரங்களில், ஒரு திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. விரல் விஷயத்தை இன்சார்ஜ் மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வாசலில் பெயர் பதிகிற இடத்தில் உட்கார வைத்துவிடுவார். மார்பு போனதைத் தாங்கிக்கொண்டேன், வேலைக்கு அது தேவைப்பட்டதில்லை. விரலும் போய்விட்டால் நான் கொசு இல்லை. வேறு என்னவாக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"என் கையில குத்திப் பாத்துக்கோயேன்" என்று வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் கையை நீட்டி, முகத்தை ஃபிரிட்ஜ் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குத்தினேன். "வலிக்கலையே" என்றார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அதே மேஜை, அதே வார்த்தை. கையில் கருநீலமாகக் கன்றியிருந்ததை ஒரு நாள் பார்த்துக் கேட்டேன். பஸ் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஆனால் அவர் நரம்புகள் கயிறு கயிறாகத் தெரிபவை. என் விரலா கண்டுபிடிக்கிறது, கண்தானே! அதனால் வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம், "இன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டு எடுக்கப் போறேன்" என்றேன். அவர் முகம் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பியது. "சரி" என்றார்.

கண்ணை மூடினேன். மடிப்பின் உள்பக்கமாக விரலை வைத்து அழுத்தினேன். கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தடவுகிற மாதிரி இருந்தது. ஏதோ எழும்பிய மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குருட்டாம்போக்கில் குத்திவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வந்துவிட்டதே என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் நிறத்தைப் பார்த்தேன். நரம்பு ரத்தம் கருஞ்சிவப்பாக, சத்தமில்லாமல் வரும். இது பளீரென்று, விட்டு விட்டு எம்பி எம்பி வந்தது. இதயத்திலிருந்து நேராக வருகிற பெரிய ரத்தக்குழாயில் குத்தியிருக்கிறேன். அதன் மேல் யார் விரலை வைத்தாலும் திம் திம் என்று துடிப்பது தெரியும், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

பட்டையை அவிழ்த்தேன், ஊசியை உருவினேன், பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"என்னாச்சு?" என்றார் ஃபிரிட்ஜைப் பார்த்தபடி.

"ஒண்ணுமில்ல. திரும்பாதீங்க. கையை ஆட்டாதீங்க."

இதற்கு விடாமல், பலமாக அழுத்த வேண்டும். விட்டால் ரத்தம் உள்ளேயே கசிந்து கை வீங்கிவிடும். இந்த வீட்டில் வீங்கின கை ஒன்று போதாதா? என் நகம் வெளுத்திருந்தது. அது போதுமா என்று விரலைக் கேட்டால் பதில் இல்லை. வீங்கின கையையும் மேலே வைத்துக்கொண்டேன்.

"நான் நல்லா அழுத்துறேனா?" என்று கேட்டேன்.

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்? வலிக்குதா?"

"வலிக்கலையே" என்றார், பழக்கதோஷத்தில்.

வந்ததே எனக்குக் கோபம். "வலிக்கணும்! வலிக்கலைன்னா நான் ஒழுங்கா அழுத்தலைன்னு அர்த்தம்! இப்பவாவது உண்மையைச் சொல்லித் தொலைங்க!"

மறு கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "வலிக்குது" என்றார்.

"எவ்வளவு?"

"உயிர் போகுது."

"போன வாரம்?"

"வலிச்சுது."

"அதுக்கு முந்தின வாரம்?"

"எல்லா வாரமும்தான் வலிச்சுது, கொசு. முதல் வாரம் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நீ பாத்துடக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

எனக்குப் பயம் வந்தது. கட்டி என்று சொன்ன நாளில் வராத பயம், ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது வராத பயம், மொத்தமாக இப்போது வந்தது. இவர் கை போயிருக்கும். நாளைக்கு வரிசையில் என்னைக் கேட்டு நிற்கப் போகிற யாரோ ஒருவரின் கை போகும். அவர்களும் என்னை நம்பித்தான் நீட்டுவார்கள்.

"போனை எடுத்து மேடத்துக்குப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

மறு கையால் போட்டு மேஜையில் வைத்தார்.

"என்ன கொசு, நாளைக்கு வர்றல்ல? உன்னைக் கேட்டு ஒரு கூட்டமே நச்சரிக்குது" என்றார் மேடம்.

"வரேன் மேடம். ஆனா ரத்தம் எடுக்க மாட்டேன். விரல்ல உணர்வே இல்ல. வாசல்ல பேர் பதியற இடத்துல உக்காந்துக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. "நீ முதல்ல வா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அழுத்தத் தொடங்கிப் பத்து நிமிடம் தாண்டியிருந்தது. பஞ்சை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் நின்றிருந்தது. பிளாஸ்திரி ஒட்டினேன். எதிர் மாடியில் ஒரு அம்மா போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். அவள் உதறி, மடித்து, உள்ளே போகிற வரைக்கும் ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜை மேல் என் கை சும்மா கிடப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

"இன்னும் ஏன் அழுத்தற?" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் அவர் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன. எப்போது பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. பிடித்திருப்பதே தெரியாது. மார்பு போன நாளிலிருந்து, ஊசி குத்துவதற்குத் தவிர, நான் அவரைத் தொட்டதில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"விட்டுடவா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இந்தத் தடவை என் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தார்.