நீலக் கண்ணாடியில் ஒரு ரத்தக்காட்டேரி

படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கதாநாயகி அவளுடைய கணவனின் தங்கை. நாத்தனார் வாய்க்கு வாய் "அண்ணி, அண்ணி" என்றதில், விளக்குப் பிடிப்பவர் முதல் இயக்குநர் வரைக்கும் மேக்கப் போடும் அந்த அம்மாளுக்கு அதுவே பெயராகிவிட்டது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே அறையில் மணிக்கணக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தும் சண்டைச் சத்தம் வராத அதிசயத்தைப் பார்த்து, "உங்க வீட்ல மட்டும் எப்படிங்க?" என்று கேட்காதவர் இல்லை.

கதவைச் சாத்தியதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. நாத்தனாரின் முகத்தில் வெண்புள்ளி இருந்தது. இடது கண்ணைச் சுற்றி ஒரு திட்டு, வாயோரத்திலிருந்து தாடை வரை இன்னொன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அண்ணி பதினாறு வருஷம் மறைத்துக் காட்டியிருந்தாள். வெளியே தெரிந்தால் வாய்ப்பு போய்விடும். போகாவிட்டாலும் பார்க்கிறவர்கள் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். வாய்ப்பு போவதைக்கூட நாத்தனார் பொறுத்துக்கொள்வாள். அந்த ‘ஐயோ பாவ’த்தை மட்டும் அவளால் தாங்க முடியாது.

படம் ஒரு ரத்தக்காட்டேரியைப் பற்றியது. தொண்ணூறு வருஷம் சாகாமல், கிழடு தட்டாமல் திரிகிறவள். இயக்குநர் ஒரு பிடிவாதக்காரி. ஒவ்வொரு காலத்தையும் அந்தந்தக் காலத்துப் படம் மாதிரியே எடுப்பேன், மேக்கப்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இன்றைய காலத்தில் தொடங்கிப் பின்னால் போனார்கள்.

இந்தக் காலத்துக் காட்டேரிக்கு மேக்கப் போட்டதே தெரியக்கூடாது. கண்ணில் வெளிர்நிற லென்ஸ், கன்னத்தில் கொஞ்சம் மினுக்கு, அவ்வளவுதான். "ரத்தம் குடிக்க வந்தவளா, விருந்துக்கு வந்தவளா?" என்று நாத்தனார் சிரித்தாள். அதற்கு முந்தின காலத்துக்காரிக்கு நெற்றி, மூக்கு, தாடை எல்லாவற்றுக்கும் சிலிக்கோனில் அச்செடுத்து ஒட்ட நாலரை மணி நேரம். பேசினால் பிய்ந்துவிடும் என்று நாத்தனார் அன்றைக்குச் சைகையிலேயே காபி கேட்டாள். அதற்கும் முந்தி, வண்ணப்படம் புதிதாய் வந்த காலம்: இமை நிறைய நீலம், மிளகாய்ப்பழச் சிவப்பில் உதடு, ஒட்டுப் பல், சர்க்கரைப் பாகில் சாயம் கலந்த ரத்தம். ஈக்கள் மொய்த்து உயிரை வாங்கின. மூன்று வேஷத்திலும் திட்டுகள் அடியில் பத்திரமாகக் கிடந்தன.

நாலாவது, கறுப்பு வெள்ளை. ஆதிகாலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பாய் விழும், நீலமெல்லாம் வெளுப்பாய் விழும். அதனால் வெளிர்நீலமும் பச்சையும் பூசிக்கொண்டு நின்றால்தான் திரையில் முகம் நிலா மாதிரி தெரியும். ஒளிப்பதிவாளரிடம் பெட்டி நிறைய வண்ணக் கண்ணாடிகள் உண்டு. கண்ணாடி சார் என்றே அவருக்குப் பெயர். காமிராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடியை வைத்தால் அந்தப் பழைய ஃபிலிமின் பார்வை வந்துவிடும் என்றார் அவர்.

முதல் நாள் சோதனை செய்தார்கள். யார் முகத்தில் செய்வது? நாத்தனாரைப் பத்துப் பேர் முன்னால் வெறும் முகத்தோடு உட்கார வைக்க முடியுமா? அண்ணி தன் கன்னத்திலேயே பூசிக் காட்டினாள். பிரமாதம் என்றார்கள். அங்கேதான் கோட்டை விட்டாள். அவள் கன்னம் முழுக்க ஒரே நிறம். போதாததற்கு, "கனமாப் போட்டா குளோசப்ல வெடிப்புத் தெரியும், மெலிசாப் போடுங்க அண்ணி" என்று இயக்குநர் வேறு சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாத்தனார் நீல முகமும் பழுப்பு உதடுமாகத் தளத்துக்கு வந்ததும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்குகள் எரிந்தன. கண்ணாடி சார் நீலக் கண்ணாடியைச் செருகினார்.

அண்ணி மானிட்டரைப் பார்த்தாள். மெலிசான பூச்சில் கண்ணுக்கு மறைந்திருந்தது அந்தக் கண்ணாடிக்கு மறையவில்லை. சாம்பல் நிற முகத்தில், இடது கண்ணைச் சுற்றி வெள்ளை எழுந்து நின்றது. வாயோரத்திலிருந்து தாடைக்கு, பால் வழிந்ததுபோல இன்னொரு வெள்ளை. பதினாறு வருஷத்து ரகசியம் முப்பது பேர் முன்னால் பளிச்சென்று கிடந்தது.

சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"அண்ணி," என்றார் கண்ணாடி சார், மெல்ல. "இதை எப்படிப் போட்டீங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நீலத்தை எடுத்துவிட்டுச் சிவப்புக் கண்ணாடியை வைத்தார். திட்டுகள் முகத்தோடு முகமாய்க் கரைந்துபோயின. மறுபடி நீலம். வெள்ளை மெல்ல மெல்ல மேலே வந்தது. நாற்காலியில் இருந்தவள் இமைகூடக் கொட்டவில்லை, ஆனால் மனுஷி போய்க் காட்டேரி வந்துவிட்டாள். "இன்னொரு தடவை" என்றாள் இயக்குநர். விளக்குப் பிடித்தவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. பயந்துபோயிருந்த அண்ணிக்கே மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை ஆயிரம் தடவை தொட்ட முகம் அது! இவ்வளவு அழகு அதில் இருந்ததை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"சொல்லுங்க அண்ணி, எந்தப் பூச்சு?"

தப்பிக்க வழி தானாகவே திறந்தது. அண்ணி அதில் நுழைந்தாள்.

"அது... நான் கலந்த ஒரு பூச்சுதான். ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

கைதட்டல் எழுந்தது. நாத்தனார் எழுந்து வந்து, "எனக்கும் காட்டுங்க" என்றாள். பதிவானதை ஓட்டினார்கள். கண்ணாடி மாறியது, வெள்ளை எழுந்தது, அடங்கியது, எழுந்தது. மூன்று முறை பார்த்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் தவிர அந்த முகத்தை அவள் எங்கேயும் சந்தித்ததில்லை. பிறகு திரும்பி, சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவற்றில் எதைத் தேடினாள் என்பது அண்ணிக்குத் தெரியும். அது ஒரு முகத்திலும் இல்லை.

"அண்ணி, துடைக்கிற துணியைக் கொடுங்க."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா," என்று காதோடு சொன்னாள். "நான் போட்டதாவே இருக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. உன்னையே பேய்னுடுவாங்க."

"பேயா நடிக்கத்தானே வந்திருக்கேன். பயப்படட்டும் அண்ணி. பாவப்படாம இருந்தாச் சரி."

துணியை அவளே எடுத்துக்கொண்டாள். எண்ணெயில் நனைத்து நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் துடைத்தாள். நீலம் போயிற்று, அடியில் திட்டுகளை மறைத்திருந்த பழுப்புப் பூச்சும் போயிற்று. "இது அண்ணி போட்டதில்ல," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் தோல்." அப்புறம் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கண்ணாடி சார் மறுபடி நீலக் கண்ணாடியைச் செருகினார். பூச்சு இருந்தபோது தெரிந்தது பாதிதான். இப்போது கறுத்த முகத்தில் அந்த வெள்ளை தானே ஒளி விடுவதுபோல் எரிந்தது. நாத்தனார் கண்ணை உயர்த்திக் காமிராவைப் பார்த்ததும், இயக்குநர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனாள்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் உடை என்ன, நகை என்ன, மேக்கப் என்ன என்று குறித்து வைக்கிற உதவி இயக்குநர், பேனாவோடு அண்ணியிடம் வந்தாள். "மேக்கப்புக்கு என்ன எழுதட்டும் அண்ணி?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மானிட்டரைப் பார்த்தாள்.

"எதுவும் போடலைன்னு எழுதும்மா," என்றாள்.