ஐந்தாவது கீமோ

ஐந்தாவது கீமோ இரண்டாம் முறையாகத் தள்ளிப்போனது. லோகப்பிரியாவின் ஈரல் கெட்டுக்கொண்டிருந்தது.

“கீமோ மருந்து ஈரலைத் தொடும். ஆனா இவ்வளவு ஏறாது.” டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்து நிமிர்ந்தார். “வேற ஏதாச்சும் சாப்பிடறாங்களா? நாட்டு மருந்து?”

“இல்லீங்க,” என்றான் கணவன் கிருபாசங்கர்.

“மார்புக் கட்டி மறுபடி வளருது. இனியும் தள்ள முடியாது.”

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்.

“ஏனுங்க பொய் சொன்னீங்க?”

“வெளிய சொன்னா மருந்து பலிக்காதுன்னு வைத்தியர் சொன்னாருல்ல? உனக்காகத்தான்.”

கீமோவிலிருந்து ஈரலைக் காப்பாற்றும் சாறு அது. அன்னூர் வைத்தியர் காட்டிய தழையை மாமியார் வள்ளியாத்தாள் தினமும் அரைத்தாள். ஈரல் கெட்டது தெரிந்ததும் அரை டம்ளரை முழு டம்ளராக்கினாள். குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றாள்.

“மூஞ்சியச் சுளிக்காத அம்மணி. முள்ளுக்காட்டுல பொறுக்கிட்டு வந்தவ நானு.”

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி கேட்டார். கிருபாசங்கர் வாயைத் திறக்கும்முன் லோகப்பிரியா சொல்லிவிட்டாள்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. அவனைத் திட்டினார். கதவு திறந்திருந்தது. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீடு வந்ததும் அவன் நடந்ததை அம்மாவிடம் சொன்னான். வள்ளியாத்தாள் லோகப்பிரியாவைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு பேரு முன்னால எம்மவன அசிங்கப்படுத்திப்போட்டியே.”

சாறு நின்றது. வீட்டில் அவளோடு பேச்சும் நின்றது.

பதினெட்டு நாளில் ஈரல் தேறியது. நாளைக்கே போட்டுவிடலாம் என்றார் டாக்டர். மறுநாள் காலை கிருபாசங்கர் தறிக்குடோனுக்குப் போய்விட்டதாக மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னாள். லோகப்பிரியா தனியாகக் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள்.

“கூட யாரு வந்திருக்காங்க?” என்று நர்ஸ் கேட்டாள்.

“யாருமில்லீங்க.”

“ஆளு இல்லாமப் போட மாட்டோம்க்கா. பன்னண்டு மணிக்குள்ள யாரையாச்சும் வரச் சொல்லுங்க.”

அவள் கணவனின் எண்ணுக்குப் போன் செய்தாள். மாமியார் எடுத்தாள்.

“அத்தை, அவரை வரச் சொல்லுங்க. ஒரு கையெழுத்துங்க. சும்மா கூட உக்காந்தாப் போதுங்க.”

பக்கத்தில் கிருபாசங்கர் இருமுவது கேட்டது.

“உம்பட டாக்டரையே கூட உக்காரச் சொல்லு அம்மணி.”

பன்னிரண்டரைக்கு அவளுடைய கட்டிலில் நர்ஸ் வேறொருத்தியைப் படுக்கவைத்தாள்.