சொங்நே ஊர்ச் சோற்றில் வந்த முடி

எட்டுப் பேரும் கை கால் சேதமில்லாமல் வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்த அன்று, சொங்நே ஊரில் விருந்துக்கு உட்கார்ந்த இருநூற்றுப் பதினோரு பேரின் சோற்றுக் கிண்ணத்திலும் ஆளுக்கொரு முடி கிடந்தது. கறுப்பு முடி, இரண்டு முழ நீளம். நாற்று நடவு முடிந்த மறுநாள் அது. இரண்டு பன்றி அடித்திருந்தார்கள், அரிசிக் கள்ளுக்கும் குறைவில்லை. ஊர்த்தலைவர் பே முதல் வாய்ச் சோற்றை வைத்ததும் நாக்கில் ஏதோ தட்டுப்பட, விரலால் பிடித்து இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. தொண்டைக்குள் இறங்கிவிட்ட பாதி மேலேறி வரும்போது அவருக்குக் குமட்டியது. ஊரார் முன்னால் வாந்தி எடுக்கக் கூடாதென்று கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டு நிமிர்ந்தால், பந்தி முழுக்க எல்லோரும் வாயிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சோறாக்கியவள் கும்நான். எட்டுப் பேரில் ஒருவனான தல்சுவின் மனைவி. கல்யாணமான நான்காம் மாதம் அவன் கப்பலேறிப் போனான். இரண்டு ஆண்டு காத்திருந்து, புருஷன் திரும்பிய நாளில் ஊருக்கே சோறாக்க வாய்த்ததில் அவளுக்குப் பெருமைதான். அந்தப் பெருமை ஒரு நாழிகை நின்றது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் தையல் கத்திரியை எடுத்து வந்தாள்.

"ஊரே ஓங்கரிக்கிற மாதிரி ஆக்கிப் போட்டிருக்க. உட்காரு."

பின்னலைக் கழுத்தளவில் வெட்டினாள். தல்சு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணத்தில் கிடந்தது கும்நானின் முடியல்ல என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

மறுநாள் காலை நாற்பத்திரண்டு வீட்டிலும் மறுபடி முடி வந்தது. பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு சமைத்தார்கள். அந்த மாதத்துக்குள் எல்லாப் பெண்களின் தலையிலும் கத்திரி பட்டது. கிணற்றை இறைத்துச் சேறு வாரினார்கள். அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கும் கிழங்குக்கும் மாறிப் பார்த்தார்கள். எதைத் தின்றாலும் கிண்ணத்துக்கு ஒன்று, இரண்டு முழம். வெளியூரில் வாக்கப்பட்டுப் போன பெண்களிடமிருந்து சேதி வந்தது: புகுந்த வீட்டில் பத்துப் பேர் ஒரே பானையில் சாப்பிட்டாலும் அவர்கள் கிண்ணத்தில் மட்டும் முடி. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியாடும் அம்மாளைக் கூட்டி வந்தார்கள். அவள் மூன்று நாள் ஆடினாள். நான்காம் நாள் அவளுக்குச் சோறு போட்டார்கள். அவள் கிண்ணம் சுத்தமாக இருந்தது. சாப்பிட்டு முடித்து, கூலி வேண்டாமென்று சொல்லி, "நீங்க கூட்டிட்டு வந்தது. நான் போகச் சொன்னா போகாது" என்று போய்விட்டாள்.

ஓராண்டு கழித்து, டோப்பா செய்கிற ஆலைக்காக ஊர் ஊராகத் தலைமுடி வாங்கும் கூ என்பவர் சைக்கிளில் வந்தார். பெண்கள் தலையெல்லாம் மொட்டையும் கட்டையுமாக இருக்கக் கண்டு திரும்பிப் போகப் பார்த்தவர், ஒரு வீட்டு வாசலில் குப்பையோடு கிடந்த முடியை எடுத்து விரலில் உருட்டினார். நம் பெண்கள் முடியைவிட மெலிசு, சிக்கே விழாது, பல வருஷம் எண்ணெய் தேய்த்து வளர்த்தது என்றார். யாருடையது என்று கேட்டார்.

"ஊரோடது," என்றார் பே.

அதன் பிறகு சொங்நேயில் யாரும் வாந்தி எடுக்கவில்லை. வாயிலிருந்து இழுத்ததை அரிசி கழுவிய நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நுனி பார்த்துக் கட்டினார்கள். விழுங்கிவிட்ட குழந்தைகளுக்கு முதுகில் அடி விழுந்தது. இரண்டு முழத்துக்குக் குறைந்து வந்தால் முகம் சுளித்தார்கள். கூரை வேய்ந்த வீடுகள் ஓடு போட்டன, மின்கம்பி வந்தது. கடல் தாண்டி யாரோ ஒரு சீமாட்டி அந்த முடியைத் தலையில் மாட்டிக்கொண்டு நடனத்துக்குப் போனாள். கும்நான் வீட்டு முடியை மாமியார் விற்றாள். அந்த வீட்டுக் கட்டு மட்டும் எப்போதும் ஒரு ஆள் அளவு குறைந்தது. தல்சு முடியை எடுப்பதேயில்லை. சோற்றோடு மென்று விழுங்கிவிடுவான். விழுங்கும்போது கழுத்து நரம்பு புடைத்து அடங்கும். கும்நான் அதைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டாள்.

அவர்களுக்குப் பெண் பிறந்தது. யொன்ஹா என்று பெயர். ஏழாம் மாதம் கஞ்சி ஊட்டத் தொடங்கிய அன்று, முதல் கரண்டியிலேயே குழந்தையின் கடைவாயில் முடி தொங்கியது. பல் முளைக்காத ஈறில் சுற்றிக்கொண்டு வர மறுத்தது. கும்நான் மெதுவாக இழுக்க, குழந்தை ஓங்கரித்து ஓங்கரித்து நீலம் பாரித்தது. மூன்று ஆண்டாக ஒரு முறைகூட வாந்தி எடுக்காத தல்சு வெளியே ஓடிப்போய் மாட்டுக் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே பின்னால் போய் நின்றாள்.

"இது யாரு முடிங்க?"

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். ஒரு ஊர், நெல் ஊர்தான், நம்முடையது போலவே என்றான். முந்தின நாள் இவர்கள் படையாள் ஒருவன் கண்ணிவெடியில் செத்திருந்தான். காலையில் ஊராரை எல்லாம் வரப்போரம் உட்கார வைத்தார்கள். ஆம்பளைகள் கிழவர்கள் மட்டும்தான், மிச்சமெல்லாம் பெண்களும் பிள்ளைகளும். அதிகாரி கையைக் காட்டினார்.

"எத்தன பேரு?"

"நம்ம ஊரு அளவு இருக்கும்."

"நீங்களுமா?"

"எட்டுப் பேரும்தான்." அவனே மேலும் சொன்னான். "முடிஞ்சதும் மத்தியானச் சாப்பாடு வந்துச்சு. நெழல் அங்கதான் இருந்துச்சு, அங்கயே உட்கார்ந்துட்டோம். என் சோத்துல ஒரு முடி பறந்து வந்து விழுந்துச்சு. எடுத்துப் போட்டுட்டுத் தின்னேன், கும்நான். நல்ல பசி."

அவளால் அவனைத் தொட முடியவில்லை. அன்று மட்டுமல்ல, வெகு காலம். ஆனால் அருவருப்பு அவனோடு நிற்கவில்லை. ஓடு வேய்ந்த கூரைகளைப் பார்த்தாள். கொல்லைகளில் கொடி கட்டி உலர்த்தியிருந்த முடி காற்றில் ஆடுவதைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு முடிக்கட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்து வழவழப்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேசும் வழக்கமில்லை. கும்நான் எழுந்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். எட்டுப் பேரில் தல்சு தலை குனிந்திருந்தான், மற்ற ஏழு பேர் கூரையைப் பார்த்தார்கள். பே பொறுமையாகத்தான் பேசினார்.

"ஏம்மா, எட்டுப் பசங்க சண்டைல செஞ்சதுக்கு ஊரு என்ன செய்யும்? நாங்க துப்பாக்கியத் தொட்டதுகூட இல்லயே."

"அவங்க சம்பளத்துல பாலம் கட்டி நடக்குறோம்," என்றாள் கும்நான். "அங்கேருந்து வந்த டப்பாக் கறிய வீட்டுக்கு வீடு பங்கு போட்டுத் தின்னோம். கொன்னுட்டு வந்தவங்களுக்குப் பன்னி அடிச்சோம். தெரியாம செஞ்சோம்னு வைங்க. இப்போ தெரிஞ்சு போச்சு. அவங்க முடிய விக்காதீங்க. பொதச்சுட்டு ஒரு கும்பிடு போடுங்க."

யாரும் மறுக்கவில்லை. கிழவர் ஒருவர், பொய்யென்றால் கோபமாவது வரும் என்று முணுமுணுத்தார். பே தொண்டையைச் செருமினார்.

"வியாழக்கிழமை கூ வராரு. வெல ஏத்திக் கேக்கறதப் பத்திப் பேசத்தான் இந்தக் கூட்டம். உட்காரும்மா."

அடுத்த வாரம் காவல் நிலையத்திலிருந்து ஒருவன் வந்து, நாட்டுப் படையைப் பழித்தால் என்ன ஆகும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனான். நடவுக்கு யாரும் கைமாற்று ஆள் தரவில்லை. நான்கு வயலையும் அவளும் தல்சுவும் தனியாகவே நட்டார்கள். அன்றிலிருந்து தன் பங்கு முடியை அவள் மாமியாருக்குக் கொடுக்கவில்லை. ஊருக்குத் தெற்கே, மேட்டில் ஒரு குழி எடுத்து நாள்தோறும் புதைத்தாள். ஆண்டுக்கொரு முறை இருநூற்றுப் பதினோரு கிண்ணம் சோறு வைத்து, பெயர் தெரியாதவர்களுக்குப் படையல் போட்டாள். ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்கள்.

பதினைந்து ஆண்டில் தல்சுவின் வயிறு கர்ப்பிணி வயிறு போல உப்பியது. அறுத்துப் பார்த்த மருத்துவர், பூசணிக்காய் அளவில் ஒரு முடிப் பந்தைப் பாத்திரத்தில் எடுத்து வைத்து, மனைவி தலைமுடியைத் தின்னும் பழக்கமா என்று கேட்டார். நாற்றத்தில் தாதிகள் அறையை விட்டு வெளியே போனார்கள். மூன்றாம் நாள் அவன் செத்தான். படையிலிருந்து கொடி அனுப்பினார்கள். கும்நான் அவனை மாமியார் காட்டிய இடத்தில் அடக்கம் செய்தாள். பந்தைத் துணியில் சுற்றித் தலையில் சுமந்துபோய் மேட்டில் புதைத்தாள். வழியெல்லாம் அது அவள் கழுத்தில் சொட்டியது.

பிறகு டோப்பாக்கள் நைலானில் வந்தன. கூ வருவதை நிறுத்தினார். முடி விலை போகாமல் அடுப்பில் விழுந்தது. ஊரெங்கும் கருகல் நாற்றம், அதுவும் சில மாதத்தில் மூக்குக்குப் பழகியது. பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு அங்கேயும் வந்தது, அவர்கள் பிள்ளைகளுக்கும் வந்தது. ஒரு பத்திரிகையில் அந்த நெல் ஊரைப் பற்றி எழுதினார்கள். செய்தியாளன் ஒருவன் வந்தான். கும்நான் மேட்டைக் காட்டினாள், மற்றவர்கள் வயல் வேலை இருக்கிறதென்றார்கள்.

அதற்கடுத்த ஆண்டு மாவட்ட நிர்வாகம் பாலத்தருகே எட்டுப் பேருக்கும் கல் நாட்டியது. வாத்தியக் குழுவோடு அறுபது விருந்தாளிகள் வந்தார்கள், அதிகாரிகள், பள்ளி ஆசிரியர்கள், அவர்கள் மனைவிமார். வீரனின் மனைவி என்று கும்நானை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தலை நரைத்து, குட்டையாகவே வெட்டியிருந்தாள். பேச்சு முடிந்து சாப்பாடு போட்டார்கள். மாவட்ட அதிகாரி மாட்டெலும்புச் சாற்றில் சோற்றைக் கலந்து ஒரு வாய் வைத்தார். பிறகு உதட்டில் விரலை வைத்து இழுத்தார். வெளியூர்க்காரர்கள் அறுபது பேரும் இழுத்தார்கள். ஓர் ஆசிரியையின் முகம் வெளுத்தது. அதிகாரி சுற்றிலும் பார்த்தார். ஊரார் எடுப்பதும் கிண்ணத்தோரம் வைப்பதும் கீரைக்குக் கை நீட்டுவதுமாக இருந்தார்கள். அவரும் தன்னுடையதை ஓரமாக வைத்தார். கீரை நன்றாக இருக்கிறது, எந்த மலையில் பறித்தது என்று கேட்டார்.

கும்நான் எழுந்து, சாப்பிடாமல் மேட்டுக்குப் போனாள். அறுபது கிண்ணம் கூடுதலாக வாங்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டாள். அன்றிரவு முதல் மாவட்டத் தலைநகரில் வீட்டுக்கு வீடு முடி வந்தது. எந்த அலுவலகத்திலும் யாரும் புகார் எழுதவில்லை. மறு வாரம் கடைகளில், சோற்றுக் கரண்டிக்குப் பக்கத்தில், முடி எடுப்பதற்கென்று சின்ன இடுக்கி விற்பனைக்கு வந்தது. துருப்பிடிக்காத எஃகு, பிடி கைக்கு அடக்கமானது. நன்றாக விற்றது.