மயிலுக்கு முதல் திரி

எங்கள் ஊரில் பட்டாசு தன் பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெடிக்கும். பெட்டியில் கிளி இருந்தால் புஸ்வாணம் பச்சையாகப் பொங்கி, கடைசியில் இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கும். தாமரை இருந்தால் தரைச்சக்கரம் எட்டு இதழாக விரியும். படத்தில் இல்லாததை அது செய்யாது. இருப்பதைச் செய்யாமலும் விடாது.

அதனால் லேபிள் ஆர்ட்டிஸ்ட் என்றால் எங்கள் ஊரில் கொஞ்சம் மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. என் பெயர் சந்திரமதி. இருபத்திரண்டு வருடமாக ஜெயக்கொடி அண்ணாச்சியின் கம்பெனியில் லேபிள் போடுகிறேன். நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளின் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் என் பெயர் இருக்கிறது. அதைச் சும்மா போட்டுவிட மாட்டார்கள். படம் போட்டவர் மைதானத்துக்குப் போய், அந்தச் சரக்கின் முதல் திரியைத் தன் கையாலேயே கொளுத்த வேண்டும். முதல் திரி ஆய்வாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் பெயர் ஏறும். பெயர் ஏறிய பிறகு அந்தப் பட்டாசு எந்த ஊரில் என்ன செய்தாலும் அது நான் செய்ததாகக் கணக்கு.

இந்த வழக்கத்தால் எனக்கு இரண்டு முறை புருவம் போயிருக்கிறது. அண்ணாச்சி ஆசைப்பட்டாரே என்று ஒரு தடவை ராக்கெட்டுக்குக் குதிரை வால் போட்டேன். அது வாலைச் சுழற்றித் திரும்பி என்னிடமே வந்தது. இன்னொரு தடவை சூரியகாந்தி போட்டேன். மேகமூட்டமான நாள். அந்தப் பூவுக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை, பக்கத்தில் இருந்த என் முகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு என் வேலையில் பாதி, வேண்டாம் என்று சொல்வதுதான். குழந்தை கையில் அணுகுண்டு கேட்டார்கள், போடவில்லை. ஏழு குதிரை பூட்டிய தேர் கேட்டார்கள், போடவில்லை. போன தேர்தலில் ஜெயித்தவருடைய சிரித்த முகத்தைச் சரவெடிமேல் கேட்டார்கள். போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி ஷேர் ஆட்டோவில், சொன்னதைப் படமாகப் போட்டுத் தரும் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. எனக்கு எதிர் மேஜையில் அதற்கு இடம் போட்டார்கள். வந்த அன்றே என்னுடைய நானூற்றுப் பன்னிரண்டு லேபிளையும் அதற்கு எடுத்துக் காட்டினார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் அது எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடியில் காயும் சேலையை இரவல் வாங்குகிறவர்கள்கூட வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மிஷினை நான் குறை சொல்லவில்லை. மரியாதையான மிஷின். பார்டர் கோணலாக இருக்கிறதா என்று கேட்டால் நொடியில் சொல்லிவிடும். எழுத்துகளுக்கு இடைவெளி பார்க்க நானே இரண்டு மூன்று தடவை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். என்ன கேட்டாலும் "கண்டிப்பாக, இதோ" என்றது. டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். அதற்கும் "கண்டிப்பாக, இதோ" என்று சொல்லிவிட்டு டீக்கிளாஸ் படம் ஒன்று போட்டுக் கொடுத்தது. ஆவிகூடப் பறந்தது.

அண்ணாச்சிக்கு ஏழு வருடமாக ஓர் ஆசை. வானம் கொள்ளாத மயில். மேலே போய் வெடிக்கும்போது தோகை விரிய வேண்டும், விரிந்த தோகைக்கு வானமே போதக்கூடாது. ஏழு வருடமும் நான் மறுத்தேன். வானம் கொள்ளாத தோகையின் மிச்சத்தை எங்கே வைப்பது? கீழே ஊர் இருக்கிறது. மொட்டை மாடியில் வற்றல் காய்கிறது, டேங்க் இருக்கிறது, ஜனங்கள் நிற்கிறார்கள். அந்த மிச்சம் யார் வீட்டுக் கூரையில் இறங்கினாலும் அதன்மேல் என் பெயர் எழுதியிருக்கும்.

இந்த வருடம் அவர் என் மேஜைக்கு வரவில்லை. நேராக எதிர் மேஜைக்குப் போனார்.

"கண்டிப்பாக, இதோ," என்றது மிஷின்.

அண்ணாச்சி வெற்றிலை மடித்து முடிப்பதற்குள் நாற்பது மயில் வந்துவிட்டது. பொறாமையில்லாமல் சொல்கிறேன், அழகான மயில்கள். ஆனால் கழுத்து என்னுடையது. அந்தக் கழுத்து வளைவைப் பிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. அது நாற்பது பறவைகளின் தோளில் ஏறி, எனக்குத் தெரியாத உடம்புகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போட்ட படங்களை எல்லாம் அந்த மிஷின் பார்த்திருக்கிறது. போட மறுத்த படங்களை அது எங்கே போய்ப் பார்க்கும்? அவை எந்தப் பெட்டியிலும் இல்லை. அதனால்தான் அதற்கு மறுக்கத் தெரியவில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

அண்ணாச்சி நாற்பதில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சந்திரா, பாக்க அப்படியே உன் கைவேலை மாதிரி இருக்கும்மா. நீயே முதல் திரியைப் பத்த வச்சிரு. பேரும் உன் பேரையே போட்டுருவோம்."

"நான் போடல அண்ணாச்சி. நான் பத்த வைக்க மாட்டேன்."

"ஒரு திரிதானம்மா."

"அந்த ஒரு திரிக்குத்தான் நான் இருபத்திரண்டு வருசமா பயந்து பயந்து படம் போடுறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. என் இரண்டாவது புருவம் போனபோது ஆஸ்பத்திரிக்கு அவரே கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்.

"பேரு ஏறாம பெட்டி வெளிய போகாது. தீபாவளிச் சரக்கு மொத்தமும் இந்த மயில்தான். நீ மாட்டேன்னா வேற இடம் பாத்துக்கிட வேண்டியதுதான்."

"சரி அண்ணாச்சி," என்றேன். வேலை போனால் போகட்டும். பெயர் என் அப்பா வைத்தது.

வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் எல்லோரும் கூடினோம். என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். கடைசி நேரத்தில் மனசு மாறுவேன் என்ற நம்பிக்கைதான். ஆய்வாளர் அம்மா தொப்பி வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார்.

"படம் போட்டவங்க யாரு?"

மிஷினைத் தூக்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார்கள். அதற்கு முன்னால் மயில் வெடி. வெடிக்குப் பக்கத்தில் கொளுத்திய ஊதுபத்தி.

"திரியைக் கொளுத்துங்க," என்றார் ஆய்வாளர்.

"கண்டிப்பாக, இதோ," என்றது மிஷின்.

காத்திருந்தோம். ஊதுபத்தி எரிந்து முடிந்தது. இன்னொன்று வைத்தார்கள். ஆய்வாளர் மறுபடியும் சொன்னார், மிஷின் மறுபடியும் இதோ என்றது. மூன்றாவது பத்தியும் சாம்பலானதும் அவர் பேனாவை மூடினார். கொளுத்தக் கை இல்லாதவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற விதி இல்லை என்று சொன்னார்.

அண்ணாச்சி லேசில் விடுகிற ஆள் இல்லை. மிஷினிடம் குனிந்து, "கை ஒண்ணு போடு. பத்தியைப் பிடிச்சு திரியில வைக்கிற கை," என்றார்.

"கண்டிப்பாக, இதோ."

படம் வந்தது. அதை மயிலுக்குப் பக்கத்தில் பெட்டிமேல் ஒட்டினார்கள். பட்டாசு அந்தப் படத்தைப் பார்த்தது. பார்த்ததைச் செய்யாமல் இருக்க அதற்குத் தெரியாது. கொளுத்துகிற கை என்பதால் கொளுத்தும்வரை காத்திருக்கவும் முடியாது. பெட்டியின் மூடி விலகி, மணிக்கட்டு வரை ஒரு வலது கை வெளியே வந்தது. விரல்களுக்கிடையில் பத்தி புகைந்துகொண்டிருந்தது.

அது என் கை. கழுத்தைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. கையைப் பார்த்ததும் என் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஆய்வாளர் மைப்பெட்டியை எடுத்து அதன் பெருவிரல் ரேகையை வைத்துப் பார்த்தார். பிறகு என் ரேகையை. இரண்டையும் வெயிலில் பிடித்தார்.

"உங்க கைதாம்மா. இது கொளுத்துனா நீங்க கொளுத்துன மாதிரி. உங்க பேர்தான் ஏறும்."

"எனக்கு இதுல சம்மதம் இல்ல."

"கைக்குச் சம்மதமான்னு பாப்போம்," என்றார் ஆய்வாளர். விதி அப்படித்தான் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடத்தில் எந்தத் திரியைப் பார்த்தும் நான் அப்படிப் பயந்ததில்லை. கை மணலில் விரல்களை ஊன்றி மெதுவாக நகர்ந்து திரிக்குப் பக்கத்தில் போனது. அங்கே நின்றது. பெட்டிமேல் ஏறி மயிலின் தோகையைத் தடவிப் பார்த்தது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஜாண் போட்டு அளந்தது. ஜாண் பெட்டியைத் தாண்டிப் போயிற்று. மைதானத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த வீடுகளை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணியது. பிறகு கீழே இறங்கி, பத்தியின் நெருப்பு முனையை மணலில் அழுத்தி அணைத்தது. ஊர்ந்து வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"இன்னொண்ணு போடு," என்றார் அண்ணாச்சி.

"கண்டிப்பாக, இதோ."

இரண்டாவது கையும் அளந்தது, எண்ணியது, அணைத்தது. மூன்றாவதும் அப்படித்தான். அண்ணாச்சி நாற்பது வரை கேட்டார். கடைசியில் வந்த சில கைகள் தோகையை அளக்கக்கூட இல்லை. வெளியே வந்ததும் பத்தியை நேராக மணலில் குத்தின. அதில் ஒன்று ஒட்டியிருந்த மணலை என் முந்தானையில் துடைத்துக்கொண்டது.

ஆய்வாளர் பதிவேட்டில் 'கை மறுத்தது' என்று எழுதி, எதிரில் நாற்பது என்று போட்டார். மயில் தள்ளுபடி.

அண்ணாச்சி காலிப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். என் காலைச் சுற்றியிருந்த கைகளைக் காட்டினார்.

"அதுங்ககிட்ட என்னம்மா சொல்லி வச்ச?"

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. என் படம் அத்தனையும் பாத்துச்சுல்ல. அதோட என் பயமும் சேந்து வந்திருக்கும்."

மறுத்த படங்கள் எந்தப் பெட்டியிலும் இல்லை என்று நான் கட்டிய முடிவு தப்பு. மறுத்ததெல்லாம் போட்ட கோட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. மிஷினுக்கு அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப தீபாவளிக்கு என்ன செய்யிறது?"

"பென்சில் குடுங்க. ஊருக்குள்ள அடங்குற மாதிரி ஒரு மயில் போடுறேன். சின்னதாத்தான் இருக்கும். பிடிக்கலைன்னா சொல்லுங்க, நான் கிளம்புறேன்."

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். தன்னிடம் பென்சில் இல்லை என்றார். நாற்பது கைகளும் ஒரே நேரத்தில் மேஜை இருக்கும் திசையைக் காட்டின. அன்று சாயங்காலம் போட்டேன். திங்கட்கிழமை நானே கொளுத்தினேன். தோகை தபால் ஆபீஸ் கூரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே நின்று, விரிந்து, சுருங்கி, அணைந்தது. பெயர் ஏறியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வடக்கு ரோட்டில் இருக்கும் வேறொரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. அங்கேயும் ஒரு மிஷின் இருக்கிறது. அது சரவெடிக்குப் போட்ட புலி, திரி கொளுத்துவதற்கு முன்பே பெட்டியை விட்டு இறங்கி, தன்னைப் போட்டது யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டதாம்.  அந்த மிஷின் பார்த்துப் பழகியதெல்லாம் அங்கே முன்பு லேபிள் போட்டுக்கொண்டிருந்த செல்வமோகனின் படங்கள்தான். அவனை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். விசாரித்து விலாசம் வாங்கிக்கொண்டு புலி ஒன்றரை மணி டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டது. கண்டக்டர் முழு டிக்கெட் கொடுத்தாராம்.

நான் செல்வமோகனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வரட்டும்க்கா," என்றான். பின்னால் ஷட்டரை ஏற்றும் சத்தம் கேட்டது. "எட்டு மாசமா எவன் கையிலயோ கிடந்திருக்கு. கோடெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும். அதுவரைக்கும் உக்கார ஸ்டூல் போட்டு வைக்கிறேன்."