ஏழேகால் மணி முகம்

யோரீனின் வயிற்றெரிச்சல் காலைக் காப்பிக்கு முன்பே ஆரம்பித்துவிடும். ஏழேகால் மணிக்குக் கைப்பேசியை எடுப்பாள். லீசலொட்டின் இணையப் பக்கத்துக்குப் போவாள். விலைப்பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பாள். அங்கே படத்தில் சிரிக்கிற லீசலொட்டின் பல்வரிசையையும் ஒரு முறை பார்த்து முடித்தால்தான் ரொட்டியில் வெண்ணெய் தடவக் கை வரும்.

இரண்டு பேரும் நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரில் யோரீனின் கடையில் ஆறு வருடம் சேர்ந்து நாய்களுக்கு முடி வெட்டியவர்கள். போன வருடம் லீசலொட் பிரிந்துபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனிக்கடை போட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, திட்டவாவது செய்திருக்கலாம். அந்த மகராசி சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்து, ஒரு பூந்தொட்டியும் கொடுத்துவிட்டுப் போனாள். யாருக்குத்தான் எரியாது?

ஆகஸ்டிலிருந்து அந்த முகம் கைப்பேசியில் எங்கே பார்த்தாலும் விளம்பரமாக வந்து நின்றது. மழை வருமா என்று பார்த்தால் வானிலைக்குக் கீழே லீசலொட், கையில் குளிப்பாட்டிச் சீவின நாயோடு. ஸ்வெட்டர் பின்னும் முறையைத் தேடினால் ஓரத்தில் லீசலொட். ஊரையே வளைத்துப் போட்டுவிட்டாள், இனி ஒரு நாயும் தன் வாசலை மிதிக்காது என்று யோரீன் முடிவே கட்டிவிட்டாள். லீசலொட் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு பண்ணுகிறாள் என்று தினமும் கணவன் வீபேயைக் கேட்பாள். வீபே பாலங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், அவனுக்கு என்ன தெரியும்? தெரியாது என்பான்.

கடையின் வாடகை ஒப்பந்தத்தை அக்டோபர் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். குளிர்காலம் மந்தமான காலம். அதைத் தாண்டுவதற்கு யோரீன் சேர்த்து வைத்திருந்தது ஆயிரத்து நானூறு யூரோ. அது கரைந்தால் கடையை மூட வேண்டியதுதான். மூடினால் அந்த ஊரில் நாய்முடி வெட்டுகிறவளுக்கு வேலை கொடுக்க இருக்கிற ஒரே இடம் லீசலொட்டின் கடை. அங்கே போய் வேலை கேட்டு நிற்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று நினைத்தாள்.

ஆத்திரத்தில் அவளும் இணையத் தேடலில் விளம்பரம் போட்டாள். யாராவது அமுக்கினால் காசு கட்ட வேண்டும், அமுக்காவிட்டால் இல்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் என்ன தேடினால் தன் விளம்பரம் வர வேண்டும் என்று கேட்ட இடத்தில் 'நாய்' என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டாள். எந்த ஊருக்கு என்ற இடத்தில் நெதர்லாந்து முழுவதும் என்று விட்டுவிட்டாள். லீசலொட் எங்கும் இருக்கிறாளே, இவள் மட்டும் குறைந்துபோவாளா? நாட்டின் தெற்குக் கோடியில், மாஸ்ட்ரிக்டில் ஒருவர் நாய்க்குப் பெயர் தேடி இவளுடைய விளம்பரத்தை அமுக்கினார். வடக்குக் கோடியில், க்ரோனிங்கனில் ஒரு அம்மாளின் நாய்க்கு வயிற்றுப்போக்கு, அவளும் அமுக்கினாள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு போனது. எந்த நாயும் வரவில்லை. வரவில்லை என்றதும் அவள் தினத்தொகையை இரண்டு மடங்காக்கினாள். என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியல் அங்கேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்க மட்டும் இவளுக்கு நேரமில்லை. லீசலொட்டின் பக்கத்தைப் பார்க்க நேரம் இருந்தது.

அக்டோபர் நடுவில் தோழி ஹென்னியின் பிறந்தநாள். வழக்கம்போல வட்டமாக நாற்காலி போட்டு, வந்தவர்கள் எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டு கேக். யோரீனுக்கு நேர் எதிரே லீசலொட். கடை எப்படிப் போகிறது என்று யாரோ கேட்க, அவள் பேச ஆரம்பித்தாள்.

"சுமாராத்தான் போகுது. விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு அஞ்சு யூரோதான் போடுறேன். அதுவும் ஏற்கெனவே என் பக்கத்தை வந்து பார்த்தவங்களுக்கு மட்டும்தான் காட்டும், வேற யாருக்கும் வராது. அதுல ஒரு ஆள் இருக்கு பாருங்க. இந்த ஊர்தான். தினமும் ஏழேகாலுக்கு வருது, விலையைப் பார்க்குது, போயிடுது. ஒரு தடவைகூட முன்பதிவு பண்ணலை. பாவம், தனியா இருக்கிற யாரோ போல."

வட்டம் முழுக்கச் சிரித்தது. வீபே மட்டும் சிரிக்கவில்லை. கேக் தட்டிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான். யோரீனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரை வளைத்த முகம் ஊருக்கு வரவே இல்லை. இவள்தான் தினமும் போய் அழைத்து வந்திருக்கிறாள்.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் சைக்கிளை மெதுவாக விட்டாள்.

"வீபே, அவ விளம்பரம் உனக்கு எப்பவாவது வந்திருக்கா?"

"இல்லையே."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீ அதைக் கேட்கவே இல்லையே. அவ எவ்வளவு செலவு பண்றான்னுதானே கேட்டே."

சேர்த்து வைத்ததில் மிச்சம் நூற்று எண்பது யூரோ. மறுநாள், என்ன தேடி வந்தார்கள் என்ற அந்தப் பட்டியலை முதல்முறையாகத் திறந்தாள். நாய்க்குப் பெயர், இலவச நாய்க்குட்டி, நாய் வாந்தி. வெட்கத்தில் காது சுட்டது. எல்லாவற்றையும் நீக்கினாள். டெவென்டரும் சுற்றிப் பத்து கிலோமீட்டரும் போதும். 'பூடில் முடி வெட்ட' என்று தேடுகிறவர்கள் போதும். கடை திறந்திருக்கிற நேரம் மட்டும் போதும். பக்கத்தின் அடியில் ஒளிந்துகிடந்த தொலைபேசி எண்ணை மேலே கொண்டுவந்தாள். அந்த வாரம் மூன்று சுருட்டைமுடிப் பூடில் நாய்கள் வந்தன, அடுத்த வாரம் ஐந்து. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் கெஞ்சி, வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். கடை தப்பியது.

ஏழேகாலுக்குக் கைப்பேசியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டவும் பழகிக்கொண்டாள். லீசலொட்டின் முகம் மெல்லக் குறைந்தது. டிசம்பரில் ஒருநாள் வானிலையைத் திறந்தபோது அங்கே குளிர்காலக் காலணி விளம்பரம் இருந்தது. ஸ்வெட்டர் பக்கத்தில் சமையல் பாத்திரம். எங்கேயும் அவள் இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். யோரீன் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வீபே, உன் போனை எடு. அவ முகம் வருதான்னு பாரு."

வீபே பார்த்தான். "வரலை."

"எனக்கும் வரலை," என்றாள் யோரீன். அடிவயிறு மறுபடி மெல்ல எரிய ஆரம்பித்தது. "அப்ப இப்ப யாருக்குக் காட்டுறா?"