ஆற்றுப்பூச்சியின் இடது சிறகு

கணவன் எவர்ட் இறந்தபின் ஓராண்டுக்கு அவன் பட்டறையை அலெய்டா நடத்தலாம். அதற்குள் ஓவியர் சங்கத்தார் முன் ஒரு தேர்வு ஓவியம் வைத்துத் தேறாவிட்டால் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான். மாஸ் ஆற்றங்கரை ஊரில் சட்டம் அப்படி. அந்த ஓராண்டு வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது.

அவள் வரைந்தது உள்ளங்கை அகலப் பலகையில் ஒரு நாணல், அதன்மேல் ஓர் ஆற்றுப்பூச்சி. ஜூனில் சில அந்திகளில் மட்டும் ஈசல் மாதிரி ஆற்றிலிருந்து கிளம்பி, விடியுமுன் மடிந்துபோகிற பூச்சி. செத்துவிட்டால் சிறகின் பளபளப்பு போய்விடும். அதனால் உயிரோடு ஊசியில் குத்தி, பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து, கால்கள் துடித்து ஓயும்வரை மோவாயைக் கையில் ஊன்றி, அவசரமில்லாமல் பார்த்துப் பார்த்து வரைவாள். ஒன்று அடங்கினால் அடுத்தது. அது அவளை உறுத்தியதே இல்லை. எந்தக் கால் கடைசியில் ஓயும் என்றுகூடச் சொல்வாள்.

தேர்வு நடத்தச் சங்கத்தார் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் லூபெர்ட், எவர்ட்டின் நண்பர், அவள் கையால் ஹெரிங் மீனும் பீரும் வாங்கி எத்தனையோ ஞாயிறுகள் சாப்பிட்டவர். அவள் பட்டறை மூடினால் அதன் வாடிக்கையாளர்கள் அவரிடம்தான் போவார்கள்.

அவர் பலகையைச் சன்னலோரம் சாய்த்துப் பார்த்தார்.

“அண்ணி, இது வரைஞ்ச மாதிரி தெரியலையே. நெசச் சிறகையே பிச்சு ஒட்டி, மேல மெருகெண்ணெய் தடவிட்டீங்களோ?”

மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்தக் குறுக்குவழி தெரிந்த ஓவியர்கள் உண்டு. பிடிபட்டவர்களைச் சங்கம் சேர்த்துக்கொள்வதில்லை. ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்தது, பூதக்கண்ணாடியில் பாருங்கள் என்றாள் அலெய்டா. கண்ணாடி மேசைமேலேயே கிடந்தது. லூபெர்ட் பேனாக்கத்தியை எடுத்தார்.

“வேணாங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“சும்மா ஒரு சுரண்டல். நேர்மையா வரைஞ்சவங்களுக்கு என்ன பயம்?”

கத்திமுனை இடது சிறகில் இறங்கியது. அடியிலிருந்த மரம் தெரிந்தது. சுருண்டு வந்த துணுக்கை அவர் நகத்தில் வைத்து நசுக்கினார். பொடிந்து உதிர்ந்தது, வெறும் வண்ணம்.

“அட, வரைஞ்சதுதான். சந்தேகப்பட்டது என் தப்பு. கைன்னா இதுதான் கை.”

மற்றவர்களும் ஆமோதித்தார்கள். அலெய்டாவுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் தேறியதாக எழுதிக்கொள்வீர்களா என்று கேட்டாள்.

லூபெர்ட் பலகையை அவள் பக்கம் தள்ளினார். “எப்படி எழுதறது அண்ணி? சேதமான பலகையை எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே. சனிக்கிழமைக்குள்ள முழுசா ஒண்ணு கொண்டாங்க.”

“எண்ணெய் வண்ணம் காயவே மூணு வாரம் ஆகும்.”

“ஆமா,” என்றார். “ஆகும்.”

மற்ற இருவரும் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லூபெர்ட் மட்டும் மோவாயைக் கையில் ஊன்றி, சற்றே முன்னால் குனிந்து, அவசரமில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அலெய்டாவுக்கு நன்றாகத் தெரியும், அவளுடையதேதான். நடுங்கும் விரல்களைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.