சிவப்புச் சீட்டு வராத கை

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய் மாதக்கணக்காகிவிட்டது. அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகளுக்கு உடம்பு சுடுகிறதா என்று பார்க்கக் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். கொஞ்சுகிறாள் என்று புருஷன் நினைத்துக்கொண்டான். நினைத்துவிட்டுப் போகட்டும்.

தொழிற்சாலையில் அப்படி மழுப்ப முடியாது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் இயந்திரத்துக்கு வயர் கோக்கிற வேலை. வயர் நுனியில் அரிசி அளவில் ஒரு பின் இருக்கும். அதைக் கனெக்டரின் ஓட்டைக்குள் தள்ள வேண்டும். சரியாக மாட்டிக்கொண்டால் 'டக்' என்று விரலுக்குத் தெரியும். பிறகு வயரை லேசாக ஓர் இழு. கையோடு வந்துவிட்டால் மாட்டவில்லை என்று அர்த்தம். பின் பாதிதான் மாட்டியிருந்தாலும் கரண்ட் ஒழுங்காகத்தான் ஓடும். டெஸ்ட் மெஷினும் பச்சை விளக்குக் காட்டிவிடும். என்றைக்கோ யாரோ இயந்திரத்தை நகர்த்தும்போது கழன்றுகொள்ளும். அதனால் விரல் சொல்வதுதான் தீர்ப்பு.

அவள் விரல் எதுவும் சொல்வதில்லை. காதை வைத்து ஒப்பேற்றினாள். இழுத்துப் பார்ப்பதெல்லாம் பேருக்குத்தான்.

லைனின் கடைசியில், டெஸ்டிங்கில், அவள் நாத்தனார் இருந்தாள். வயர் வயராக இழுத்துப் பார்த்து, தப்பிருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டிச் செய்தவரிடமே திருப்பி அனுப்புவது அவள் வேலை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே லைனில் என்றால் கேட்க வேண்டுமா? சாப்பாட்டு அறையில் ஆளுக்கொரு மூலை. அண்ணியிடம் ஒரு தப்பு கிடைத்தால் ஊரைக் கூட்டிவிடுவாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒரு சீட்டுகூட வரவில்லை. கை சரியாகத்தான் இருக்கிறது என்று அவளும் நம்பிவிட்டாள்.

அன்று நாத்தனார் லீவு. பையனுக்குக் காய்ச்சல். பக்கத்து லைனிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் வந்து உட்கார்ந்தார். டீ நேரத்துக்குள் அவள் வேலை தட்டுத் தட்டாகத் திரும்பி வந்தது. எல்லாம் சிவப்பு.

லாக்கர் அறைக்குப் போய் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"நீ என் வேலையில தப்பே பாத்ததில்லையா?"

"பாத்தேன் அண்ணி. தெனமும்தான். நானே அழுத்தி மாட்டி அனுப்பிட்டிருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்கதான் வாயே தொறக்கமாட்டீங்களே."

"எல்லாத்தையும் புடிச்சிட்டியா?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "புடிச்சிருப்பேன்னுதான் நெனக்கிறேன்."

நியாயமாக அழுகை வந்திருக்க வேண்டும். வெட்கமாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அங்கே சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடிக்காரரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷத்துல ஒரு சீட்டு வாங்காதவங்கய்யா! நீ மாட்டைப் புடிச்சு இழுக்கிற மாதிரி இழுத்தா, வராம என்ன பண்ணும்?"

"மெதுவாத்தான் சார் இழுத்தேன்."

"இனிமே டெஸ்டிங் பக்கமே வராத."

மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் சும்மா இருந்தால் போதும். நாளைக்கு நாத்தனார் வந்துவிடுவாள், தன் நாற்காலியும் நிலைக்கும். இதை விட்டால் அவளுக்கு வேறு தொழிலும் தெரியாது. ஆனால் நாத்தனார் சொன்ன அந்த 'நெனக்கிறேன்' காதை விட்டுப் போகமாட்டேன் என்றது.

"சார், அவர் மேல தப்பில்ல. என் விரல்ல உணர்ச்சியே இல்ல."

சூப்பர்வைசர் சிரித்தார். "பாவம் பாத்துச் சொல்றீங்க."

"நம்பலைன்னா நீங்களே பாத்துக்குங்க." கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். "ஒரு பின்ன எடுத்து, இந்த ரெண்டு விரல்ல ஏதாவது ஒண்ணுல அழுத்துங்க."

காத்திருந்தாள். எங்கோ கம்ப்ரஸர் ஓடி நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். இந்த ஆள் ஏன் இப்படித் தயங்குகிறார் என்று எரிச்சலாக இருந்தது.

"வைங்க சார்."

கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பரவால்ல சார், நல்லாவே அழுத்துங்க."

"அழுத்திக்கிட்டுத்தாம்மா இருக்கேன்," என்றார் சூப்பர்வைசர்.